ஆறு, ஐந்து, நான்கு

1971 மார்ச் 16. லண்டன் வெம்ப்ளி அரங்கில் பதினைந்தாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தது. ரெஃப்ரி ஹாரி கிப்ஸ் யாரையும் கேட்கவில்லை, எந்தச் சீட்டுக்காகவும் காத்திருக்கவில்லை. நேராக நடந்துபோய் ஜோ பக்னரின் கையைத் தூக்கினார். அன்றைய பிரிட்டனில் அதுதான் வழக்கம். ரிங்குக்குள் நிற்கிற ரெஃப்ரி ஒருவரே சண்டையை நடத்துவார், ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாயிண்ட் போடுவார், கடைசியில் வென்றவன் கையையும் உயர்த்துவார். தோற்றவர் ஹென்றி கூப்பர். வயது 36. பிரிட்டன், காமன்வெல்த், ஐரோப்பா என மூன்று ஹெவிவெயிட் பட்டங்களை வைத்திருந்தவர். 1963இல் காசியஸ் க்ளேயை, அதாவது பின்னாளைய முகமது அலியை, ஒரே இடது ஹூக்கில் தரையில் உட்காரவைத்தவர். பக்னருக்கு 21 வயது நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கிப்ஸின் கணக்கு 73¾ – 73½. வித்தியாசம் கால் பாயிண்ட். அந்த இரவோடு கூப்பர் குத்துச்சண்டையை விட்டுவிட்டார்.

இந்தக் கால் பாயிண்டைப் பற்றி இங்கிலாந்துக்காரர்கள் பல வருஷம் சண்டை போட்டுக்கொண்டார்கள். கூப்பர் வென்றாரா, பக்னர் வென்றாரா என்பதுதான் அவர்களுடைய வழக்கு. எனக்கு அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வேறொன்று முக்கியம். பிரிட்டிஷ் முறையில் ரவுண்டை வென்றவனுக்கு 5, தோற்றவனுக்கு வழக்கமாக 4¾. பதினைந்தையும் ஒருவனே வென்றால் 75. பக்னர் அதில் இழந்தது ஒன்றேகால். கால் காலாகப் பிரித்தால் ஐந்து ரவுண்டு. கூப்பர் இழந்தது ஒன்றரை, அதாவது ஆறு ரவுண்டு. ஆக, பக்னருக்கு ஆறு, கூப்பருக்கு ஐந்து. கூட்டினால் பதினொன்றுதான் வருகிறது. மீதி நான்கு ரவுண்டிலும் கிப்ஸ் இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து போட்டிருக்கிறார். சமம் என்று எழுதியிருக்கிறார்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வட சென்னையில் பள்ளி, மாவட்ட அளவிலான போட்டிகளில் ரிங் ஓரம் உட்கார்ந்து பாயிண்ட் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் பலருக்கு இந்த விளையாட்டைத் தெரிவது படங்களின் வழியாகத்தான். படத்தில் சண்டை நாக் அவுட்டில் முடியும். நிஜத்தில், குறிப்பாகப் பையன்களின் சண்டைகளில், மிகப் பெரும்பாலானவை பாயிண்டில்தான் முடிகின்றன. அந்தப் பாயிண்ட் பெரும்பாலும் ஒரே ஒரு நெருக்கமான ரவுண்டில் தீர்மானமாகிறது. தோற்ற பையன் கட்டை அவிழ்த்துக்கொண்டே வந்து, "சார், அந்த ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான ஆடினோம்? சமம்னு போட்டிருந்தா என்ன சார்?" என்று கேட்பான். "போட முடியாதுடா, ரூல்ல இடமில்ல" என்பேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த இடம் ஒரு காலத்தில் இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அந்தப் பையன்கள்தான்.

ஆதியில் பாயிண்டே கிடையாது. வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்தில் ஒருவன் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. ரிங்கின் நடுவே கிழித்த கோட்டுக்கு அவன் திரும்பி வந்து நிற்க வேண்டும், வர முடியாவிட்டால் தோல்வி. யார் நன்றாக ஆடினார் என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை. 1860 ஏப்ரலில் ஃபார்ன்பரோவில் ஆங்கிலேயர் டாம் சேயர்ஸும் அமெரிக்கர் ஜான் ஹீனனும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். கூட்டம் ரிங்குக்குள் புகுந்து குழப்பமாகி, கடைசியில் டிரா என்றாகி, இருவருக்கும் ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள். 1867இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள்தான் மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, பத்து எண்ணிக்கை என்று இன்றைய வடிவத்தைத் தந்தவை. குவீன்ஸ்பெரி பிரபு பெயர் கொடுத்தார், எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். அந்தப் பன்னிரண்டு விதிகளிலும் பாயிண்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பாயிண்டுக்கான தேவையை உண்டாக்கியது அதே விதிகள்தான். ரவுண்டுக்கு நேரம் குறித்தாகிவிட்டது. அடுத்து, எத்தனை ரவுண்டு என்பதற்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது?

லண்டன் கோவென்ட் கார்டனில் 1891இல் தொடங்கிய நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் இதற்கு ஒரு விடை கண்டது. அங்கே ரவுண்டு நடக்கும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. ரெஃப்ரி ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பார். ஒரு ஜட்ஜுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம். கூட்டத்தின் கூச்சல் கண்ணைக் கெடுக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த கிளப்பின் விதிப்படி ரவுண்டில் மேலாக ஆடியவனுக்கு ஐந்து, மற்றவனுக்கு அதற்குத் தக்கபடி. இருவரும் சமம் என்றால் இருவருக்கும் முழு ஐந்து. சமம் என்பது விதியிலேயே எழுதப்பட்டிருந்த ஒரு தீர்ப்பு. 1971இல் கிப்ஸ் நான்கு ரவுண்டை அப்படி எழுதியபோது ஒரு பழைய, மதிப்பான உரிமையைத்தான் பயன்படுத்தினார்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை இருந்த ஃப்ராலி சட்டம் பத்து ரவுண்டு சண்டையை அனுமதித்தது, ஆனால் பாயிண்டில் முடிவு சொல்வதைத் தடுத்தது. நாக் அவுட் இல்லாவிட்டால் வென்றவர் யாரும் இல்லை. பந்தயம் கட்டினவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலைப் பேப்பரில் நிருபர் யார் பக்கம் எழுதியிருக்கிறார் என்று பார்த்துப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிருபர்கள்தான் ஜட்ஜ்கள். 1920இல் வாக்கர் சட்டம் வந்து, 15 ரவுண்டு, இரண்டு ஜட்ஜ், ஒரு ரெஃப்ரி என்று ஒழுங்கு செய்தது. நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் நிலைத்த முறை இன்னும் எளிமையானது. பாயிண்டே எழுத வேண்டாம். இந்த ரவுண்டு இவனுக்கு, அந்த ரவுண்டு அவனுக்கு, இது சமம். மூன்று கட்டம், ஏதாவது ஒன்றில் குறி.

அந்த முறையின் அழகையும் அதன் கோளாறையும் ஒரே சண்டையில் பார்க்கலாம். 1947 டிசம்பர் 5, மேடிசன் ஸ்கொயர் கார்டன். பத்து வருஷமாக உலகச் சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸை ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டில் ஒரு தடவை, நாலாவது ரவுண்டில் ஒரு தடவை கீழே தள்ளினார். சண்டை 15 ரவுண்டும் போனது. ஜட்ஜ் ஃபிராங்க் ஃபோர்ப்ஸ் லூயிஸுக்கு 8, வால்காட்டுக்கு 6, சமம் 1 என்றார். இன்னொரு ஜட்ஜ் மார்ட்டி மன்ரோ 9–6 என்று லூயிஸுக்கே கொடுத்தார். ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டீன், தானே லைட்வெயிட்டில் ஆடிய பழைய ஆட்டக்காரர், வால்காட்டுக்கு 7, லூயிஸுக்கு 6, சமம் 2 என்று எழுதினார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் லூயிஸ் தப்பினார். தொலைவில் உட்கார்ந்த ரசிகர்கள்கூட வால்காட் வென்றார் என்றே நம்பினார்கள்.

இரண்டு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். ரவுண்டு முறையில் நாக் டவுனுக்குத் தனி எடை இல்லை. சாம்பியனைத் தரையில் உருட்டிய ரவுண்டும் ஒன்று, நாலு ஜாப் அதிகம் போட்ட ரவுண்டும் ஒன்று. அது அந்த முறையின் கோளாறு. பிற்பாடு பத்துப் பாயிண்ட் முறை நாக் டவுனுக்கு 10–8 என்று கொடுத்து அதைச் சரிசெய்தது. இன்னொன்று, 15 ரவுண்டில் கோல்ட்ஸ்டீன் இரண்டையும் ஃபோர்ப்ஸ் ஒன்றையும் மட்டுமே சமம் என்று விட்டார்கள். மன்ரோ ஒன்றைக்கூட விடவில்லை. மூன்று பேருமே முடிந்த அளவு முயன்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், முடியாத இடத்தில் மட்டும் சமம் போட்டிருக்கிறார்கள். 1976 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் அலியும் கென் நார்ட்டனும் மூன்றாம் முறை மோதியபோதும் இதே முறைதான். ரெஃப்ரி ஆர்தர் மெர்கான்ட்டே 8–6–1, இரு ஜட்ஜ்களும் 8–7, எல்லாம் அலிக்கு. ஜட்ஜ்கள் இருவரின் கார்டிலும் பதினாலு ரவுண்டு முடிவில் 7–7. கடைசி ரவுண்டுதான் பட்டத்தைத் தீர்மானித்தது. முன்னிலையில் இருக்கிறோம் என்று நம்பிய நார்ட்டன் தரப்பு அந்த ரவுண்டில் ஜாக்கிரதையாக ஆடியது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மூன்று நிமிடம் ஆடினார்கள்.

இனி மான்ட்ரியால். நெருக்கமான ரவுண்டின் வரலாற்றில் இதற்கு நிகரான இரவு இல்லை.

1980 ஜூன் 20. நான்கு வருஷத்துக்கு முன் சுகர் ரே லெனார்ட் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அதே ஊரில், ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால், பனாமாவின் ராபர்ட்டோ துரான் அவரை எதிர்கொண்டார். லெனார்ட் அதுவரை தொழில்முறையில் தோற்றதே இல்லை. வேகமான கால், வேகமான கை. ஆனால் அன்று அவர் காலை நம்பவில்லை, நின்று மோதினார். துரானுக்கு வேண்டியதும் அதுதான். தலையை லெனார்டின் மார்பில் முட்டுக்கொடுத்து, கயிற்றோரம் தள்ளி, உள்ளே புகுந்து விலாவில் போட்டுக்கொண்டே இருந்தார். இப்படி இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு குத்தும் ரவுண்டுதான் ஜட்ஜுக்கு மிகக் கடினம். கை எங்கே போகிறது என்பது தெரிகிறது, எங்கே போய் விழுகிறது என்பது தெரிவதில்லை. உங்கள் பக்கம் ஒருவன் முதுகு, கொஞ்சம் நகர்ந்தால் ரெஃப்ரியின் முதுகு.

ஜட்ஜ்கள் மூவரும் ஐரோப்பியர்கள். பிரான்ஸின் ரேமோன் பால்தெய்ரு, இத்தாலியின் ஆஞ்செலோ போலெட்டி, இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ். ஆம், அதே கிப்ஸ்தான், இந்த முறை ரிங்குக்கு வெளியே. முறை பத்துப் பாயிண்ட்: வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9, சமம் என்றால் 10–10. பால்தெய்ரு 146–144, கிப்ஸ் 145–144, இரண்டும் துரானுக்கு. போலெட்டியின் கார்டை முதலில் 147–147 என்று அறிவித்தார்கள். பிறகு கூட்டல் பிழை என்று கண்டுபிடித்து 148–147 என்று திருத்தினார்கள், அதுவும் துரானுக்கே.

இந்த எண்களைப் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 15 ரவுண்டிலும் யாராவது ஒருவன் வென்றிருந்தால், நாக் டவுனும் இல்லாவிட்டால், இரண்டு பேரின் மொத்தத்தையும் கூட்டினால் 285 வர வேண்டும். அதற்கு மேல் எத்தனை வருகிறதோ அத்தனை ரவுண்டு சமம். 146உம் 144உம் 290: பால்தெய்ரு ஐந்து ரவுண்டைச் சமம் என்று விட்டிருக்கிறார். 145உம் 144உம் 289: கிப்ஸ் நான்கு. 148உம் 147உம் 295: போலெட்டி பத்து. 15 ரவுண்டில் பத்து! துரானுக்கு மூன்று, லெனார்டுக்கு இரண்டு. உலகமே பார்த்துக்கொண்டிருந்த சண்டையில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கிப்ஸின் 145–144ஐ ஒருமுறை மறுபடி பாருங்கள். துரான் இழந்தது ஐந்து ரவுண்டு, லெனார்ட் இழந்தது ஆறு, சமம் நான்கு. ஆறு, ஐந்து, நான்கு. ஒன்பது வருஷத்துக்கு முன் வெம்ப்ளியில் அவர் எழுதிய அதே விகிதம். அங்கே கால் பாயிண்ட், இங்கே ஒரு பாயிண்ட், வேடம்தான் வேறு. இது தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் இரண்டு வெவ்வேறு நாட்டில், ஒரு தடவை ரிங்குக்குள் நின்று, ஒரு தடவை வெளியே உட்கார்ந்து, ஒரே மாதிரியான கண்ணோடு ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நெருக்கமான 15 ரவுண்டுச் சண்டையில் பதினொன்றைப் பிரித்துச் சொல்ல முடியும், நான்கைப் பிரிக்க முடியாது என்பது அவருடைய கண்ணின் அளவு. ஒரு ஜட்ஜிடம் நான் எதிர்பார்க்கும் முதல் குணம் இந்த மாறாமைதான். ஆட்டக்காரனுக்கும் அது தெரிந்தால் போதும், அதற்கேற்ப ஆடிக்கொள்வான்.

போலெட்டியின் பத்து, சமம் என்ற தீர்ப்புக்குப் பெரிய கெட்ட பெயரை வாங்கித் தந்தது. முடிவு சொல்லப் பயப்படுகிறவன் ஒளிந்துகொள்ளும் இடம் அது என்ற எண்ணம் வேரூன்றியது. அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. 1993 செப்டம்பர் 10, டெக்சாஸின் சான் ஆன்டோனியோ. 87 சண்டையில் 87ஐயும் வென்றிருந்த மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸ், எதிரே பெர்னல் விட்டேக்கர். 12 ரவுண்டும் விட்டேக்கர் சாவேஸைக் காற்றைக் குத்தவைத்தார். முகத்துக்கு நேரே நிற்பார், குத்து வரும்போது அங்கே இருக்க மாட்டார். முடிவு: உள்ளூர் ஜட்ஜ் ஜாக் உட்ரஃப் 115–113 விட்டேக்கருக்கு, இங்கிலாந்தின் மிக்கி வான் 115–115, சுவிட்சர்லாந்தின் ஃபிரான்ஸ் மார்ட்டி 115–115. டிரா. 12 ரவுண்டுச் சண்டையில் சமம் இல்லாத கார்டின் கூட்டுத்தொகை 228. 115உம் 115உம் 230. ஆக அந்த இரு ஜட்ஜ்களும் ஆளுக்கு இரண்டு ரவுண்டைச் சமம் என்று விட்டு, மீதிப் பத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த நான்கு கட்டங்களில் ஒருவர் ஒன்றை விட்டேக்கருக்குக் கொடுத்திருந்தால் போதும், வெற்றி அவருக்குப் போயிருக்கும். அமெரிக்காவின் பெரிய விளையாட்டுப் பத்திரிகை, கொள்ளையடித்துவிட்டார்கள் என்ற பொருளில் அட்டையிலேயே போட்டது. நானும் அந்தக் கட்சிதான். அங்கே சமம் என்பது தவறான தீர்ப்பு.

பிறகு ஜட்ஜ் பயிற்சி வகுப்புகளில் ஒரே பாடம்தான்: எப்படியாவது ஒருவனைக் கண்டுபிடி. சுத்தமாக விழுந்த குத்து எவனுடையது என்று முதலில் பார். அதில் பிரிக்க முடியாவிட்டால் பலன் தரும் முன்னேற்றம், அடுத்து ரிங்கை யார் தன் இஷ்டத்துக்கு நடத்தினான், பிறகு தற்காப்பு. சொல்வது சுலபம். மணி அடித்த சில நொடிகளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், சீட்டு போய்விடும், திரும்பிப் பார்க்க முடியாது.

உண்மையில் ஒரு நெருக்கமான ரவுண்டில் நான் என்ன பார்ப்பேன் என்றால், அடிக்கிறவனைவிட அடிபடுகிறவனை. ஜாப் மூக்கில் விழுந்தால் தலை பின்னால் துள்ளும். கையுறையில் வாங்கியிருந்தால் தலை அசையாது, ஆனால் சத்தம் பெரிதாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டம் கத்தும். வயிற்றில் சரியாக இறங்கிய குத்துக்குச் சத்தம் குறைவு. வாங்கியவனின் முழங்கை தானாகக் கீழே இறங்கும், அடுத்த பத்து நொடிக்கு அவன் கால் எடை கூடினது போல நகரும். இதையெல்லாம் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் ஒருவன் படபடவென்று பத்துக் குத்து வீசினால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும். அந்தப் பத்தில் எட்டு எதிராளியின் கையிலும் தோளிலும் பட்டிருக்கலாம். இன்னொரு கண்ணியும் உண்டு. போன நெருக்கமான ரவுண்டைச் சிவப்பு மூலைக்காரனுக்குக் கொடுத்தோமே, இதை நீல மூலைக்காரனுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். ஒவ்வொரு ரவுண்டும் தனி என்று தெரிந்தும் கேட்கும். சமம் என்று எழுத இடம் இருந்தால் அந்தக் குரலுக்கு வேலையே இல்லை.

கடைசி அரை நிமிட வித்தைக்கு வரலாற்றிலேயே பேர்போன உதாரணமும் லெனார்ட்தான். 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், எதிராளி மார்வின் ஹேக்லர். லெனார்ட் அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சண்டைதான் ஆடியிருந்தார். ரவுண்டின் பெரும்பகுதி வட்டமிட்டு ஓடி, முடியும் நேரம் பார்த்து நின்று கைகளைப் பறக்கவிட்டார். ஹேக்லர் விடாமல் துரத்தினார். பார்த்தவர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சி. லூ ஃபிலிப்போ 115–113 ஹேக்லருக்கு, டேவ் மொரெட்டி 115–113 லெனார்டுக்கு, மெக்சிகோவின் ஹோ ஹோ கெர்ரா 118–110 லெனார்டுக்கு. இரண்டு ஜட்ஜ்கள் ஏழுக்கு ஐந்து என்று பிரித்த சண்டையில் மூன்றாமவர் பத்துக்கு இரண்டு என்கிறார். அந்த மூன்றாவது நாற்காலியில் உட்காரவிருந்தவர் ஹாரி கிப்ஸ். ஹேக்லரின் ஆட்கள்தான் அவரை வேண்டாம் என்றார்கள். கிப்ஸ் ஊருக்குத் திரும்பி டி.வி.யில் பார்த்துவிட்டு, தன் கணக்கில் ஹேக்லரே வென்றார் என்று பிற்பாடு சொன்னார். கெர்ராவின் 118–110ஐக் கூட்டிப் பாருங்கள், 228. ஒரு ரவுண்டுகூடச் சமம் இல்லை. தயங்கியிருக்க வேண்டிய நெருக்கமான ரவுண்டுகள் ஒவ்வொன்றும் 10–9 என்று ஒரே பக்கம் சாய்ந்து, எட்டுப் பாயிண்ட் வித்தியாசமாகக் குவிந்துவிட்டன. சமம் போடாத ஜட்ஜ் துணிச்சலானவர் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். நான் இந்தக் கார்டைத்தான் நினைத்துக்கொள்வேன். மயிரிழையில் வென்ற ரவுண்டுக்கும் 10–9, மூன்று நிமிடமும் அடித்து நொறுக்கிய ரவுண்டுக்கும் 10–9. தராசில் ஒரே ஒரு எடைக்கல் மட்டும் வைத்திருக்கிறவன் எல்லாப் பொருளையும் அதே எடை என்றுதான் சொல்வான்.

அமெச்சூர் குத்துச்சண்டை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. அங்கே டிரா கிடையவே கிடையாது. அடுத்த சுற்றுக்கு ஒருவன்தான் போக முடியும். பழைய இருபது பாயிண்ட் முறையில் மொத்தம் சமமாக வந்தாலும் ஜட்ஜ் ஒருவனைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் இறுதிச் சண்டையில் தென் கொரியாவின் பார்க் சி-ஹுனிடம் 3–2 என்று தோற்றதாக அறிவித்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எண்ணிக்கைப்படி விழுந்த குத்துகள் 86–32. அது நெருக்கமான சண்டையே இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு மருந்தாக 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கம்ப்யூட்டர் வந்தது. ஐந்து ஜட்ஜ்கள், ஆளுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு பொத்தான். மூன்று பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் ஒரு பாயிண்ட். நேர்மை வரும் என்று நினைத்தார்கள். வந்தது என்னவென்றால், வயிற்றுக்குத்து செத்துப்போனது. பக்கவாட்டில் இறங்கும் குத்து இரண்டு ஜட்ஜுக்குத் தெரியும், மூன்று பேருக்குத் தெரியாது, பாயிண்ட் ஏறாது. எங்கள் பையன்களும் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். உள்ளே போய் விலாவில் போடுவதை விட்டுவிட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீளக் கையில் முகத்துக்கு ஒன்று போட்டுவிட்டுப் பின்னால் ஓட ஆரம்பித்தார்கள். பாயிண்ட் போடும் முறை மாறினால் விளையாட்டே மாறிவிடும் என்பதை நான் கண்ணெதிரே பார்த்தது அப்போதுதான்.

அந்த எந்திரமும் சமத்தை ஒழிக்க முடியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக், சூப்பர் ஹெவிவெயிட் இறுதிச் சண்டை. முந்தைய சாம்பியன் இத்தாலியின் ராபர்ட்டோ கம்மரெல்லே, எதிரே உள்ளூர்ப் பையன் அந்தோணி ஜோஷுவா. கடைசி ரவுண்டுக்கு முன் மூன்று பாயிண்ட் பின்தங்கியிருந்த ஜோஷுவா எட்டிப் பிடித்தார். மணி அடித்தபோது 18–18. உடனே ஜட்ஜ்கள் தனித்தனியே அழுத்தியதையெல்லாம் எண்ணும் கவுண்ட்பேக் கணக்கைப் போட்டார்கள். 56–53, தங்கம் ஜோஷுவாவுக்கு. இத்தாலியர்கள் புகார் கொடுத்தார்கள், எடுபடவில்லை. எந்த ஒரு ஜட்ஜும் அந்தச் சண்டையில் ஒரு ரவுண்டை இவனுக்கு என்று மனசாரத் தீர்மானித்து எழுதவில்லை. மறு வருஷமே கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு அமெச்சூரிலும் பத்துப் பாயிண்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். 10–10 மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு.

தொழில்முறையில் 10–10 விதிப்புத்தகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, கார்டில்தான் அபூர்வம். ஆனாலும் டிரா ஒழிந்ததா? 1980களில் 15 ரவுண்டு 12 ஆனது. 15 ஒற்றைப்படை. சமம் போடாமல், நாக் டவுனும் பாயிண்ட் வெட்டும் இல்லாமல் ஆடினால் ஒரு கார்டு டிரா ஆகவே முடியாது. 12 இரட்டைப்படை, 6–6 தாராளமாக வரும். 2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சலிஸில் டியான்டே வைல்டர், டைசன் ஃபியூரி. ஃபியூரி இரண்டு தடவை விழுந்து எழுந்தார். ஒரு ஜட்ஜ் 115–111 வைல்டருக்கு, இன்னொருவர் 114–112 ஃபியூரிக்கு, மூன்றாமவர் 113–113. இரண்டு நாக் டவுனுக்கு இரண்டைக் கழித்தால் கார்டின் கூட்டுத்தொகை 226 வர வேண்டும். மூன்று கார்டிலும் சரியாக 226. ஒருவர்கூட ஒரு ரவுண்டைச் சமம் என்று விடவில்லை. சண்டை டிரா.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. முதல் ரவுண்டில் இருவரும் ஒருவரையொருவர் அளந்துகொண்டே நேரத்தைப் போக்கி, ஆளுக்கு நாலு ஜாப் மட்டும் தொட்டிருந்தால், அதைச் சமம் என்று எழுத அமெச்சூர் ஜட்ஜுக்கும் அனுமதி வேண்டும். மூன்று ரவுண்டில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கட்டும். போலெட்டியின் பத்து மறுபடி வராது. மூன்று ரவுண்டும் முடிந்து மொத்தம் சமமாக நின்றால், பழைய இருபது பாயிண்ட் முறையில் செய்தது போல அப்போது ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லட்டும். முழுச் சண்டையையும் பார்த்த பிறகு வருகிற தேர்வு அது. முதல் மூன்று நிமிடத்திலேயே, இல்லாத வித்தியாசத்தை உண்டாக்கி எழுதச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். அடுத்த ரவுண்டுக்கு மூலையிலிருந்து எழுந்து வரும் இரண்டு பையன்களும் அப்போது ஒரே இடத்திலிருந்து தொடங்குவார்கள், அதுவரை அவர்கள் ஆடியதும் அப்படித்தான்.